நாற்பதடி தூரம், ஏழு மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபமணி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை.

வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் ஊரில் இருக்கிற அத்தனை பேரைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. ஜெபமணியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுத வருவதற்கு முன்னால் நான் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜராக இருந்தவன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஜெபமணி அங்கே செக்கிங் டேபிளில் இருந்தார். தைத்து வருகிற டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்த டேபிளில் எட்டுப் பெண்கள். ஜெபமணி கை ஓடினால்தான் மற்ற ஏழு பேர் கையும் ஓடும். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். பிழைக்க வந்து, வாடகை வீடு, சர்ச், பிள்ளைகள் படிப்பு என்று இங்கேயே ஆகிவிட்டவர்.

பத்திரிகையை மேஜை மேல் வைத்தார்.

"எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம் சார். தபால்ல அனுப்பியிருக்கான். நான் போகப்போறதில்ல."

"ஏம்மா?"

"உங்களுக்குத் தெரியாததா? அவன்கூட நான் பேசி ஆறு வருசம் ஆச்சு. அப்பா சாகக் கெடந்தப்ப, காலையில பதினோரு மணிக்கே கம்பெனிக்குப் போன் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதான். நான்தான் வேலை பெருசுன்னு வராம இருந்துட்டேனாம். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான சார் போன் வந்துச்சு? வந்த கையோட நீங்க ஓடி வந்து சொன்னீங்க... பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்க வண்டியிலயே கொண்டு விட்டீங்க."

"ம்" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்குப் போயே ஆவணும்ங்காரு. நான் சொல்லிட்டேன்... சார் ஒரு வார்த்தை போன்ல சொல்லட்டும், எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு. அவன் பொய்யை ஒத்துக்கிட்டா நான் போறேன். இல்லைன்னா செத்தாலும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். சர்ச்சுக்கு நேரமாச்சு. முடிஞ்சதும் வாரேன் சார்."

போய்விட்டார்.

உங்களிடம் மறைப்பானேன்? போன் வந்தது காலை பதினோரு மணிக்கு. எடுத்தவன் நான். ஜெபமணியின் அண்ணன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

அன்றைக்கு எங்களுக்கு ஷிப்மெண்ட். சாயங்காலத்துக்குள் லாரி தூத்துக்குடி கிளம்பியாக வேண்டும். கப்பலை விட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவில் கம்பெனியே படுத்துவிடும். டேபிளில் இன்னும் மலை மாதிரி பீஸ். இந்த நேரத்தில் ஜெபமணியை அனுப்பினால்? லாரி போகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன். முதலாளி சொல்லிச் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அவர் அன்று ஊரிலேயே இல்லை. திருப்பூரில் இதை நான் ஒருத்தன்தான் செய்தேனா? ஷிப்மெண்ட் நாளில் வருகிற கெட்ட செய்தி கொஞ்சம் காத்திருக்கும் என்பது பல ஆபீஸ்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு.

ஆறு மணிக்கு லாரி நகர்ந்தது. ஜெபமணி பார்த்துப் பார்த்து அடுக்கிய டி-ஷர்ட்டுகள் அவருக்கு முன்னால் தெற்கே கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகுதான் அவரிடம் போய், "இப்பத்தாம்மா போன் வந்துச்சு" என்றேன். அப்பா இரவு ஒன்பது மணிக்குப் போய்விட்டார். காலையிலேயே பஸ் ஏறியிருந்தால் ஜெபமணி சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் அவர் பக்கத்தில் இருந்திருப்பார். முகம் பார்த்திருப்பார்.

சரி... ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்து என் மனைவி கூப்பிட்டார். வசந்தா பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் டீச்சர். அவர் கிளாஸில் நான் மட்டும் இத்தனை வருசமாக ஃபெயில்.

"ஏனுங்க, இங்க வாங்க. நாளைக்குப் புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணு கெடைச்சிருக்குது."

வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்ததிலிருந்து இப்படி எதையாவது தேடிப்பிடிப்பார். இந்த முறை சார்பியல் கொள்கை. திரையில் ஒரு பிளாட்பாரம். அதில் ஒரு பெண் பொம்மை. அவளைக் கடந்து ஓடுகிறது ஒரு ரயில். அதன் நடுப்பெட்டியில் ஓர் ஆண் பொம்மை. ரயிலின் முன்கோடியில் ஒரு மின்னல், பின்கோடியில் ஒரு மின்னல். கீழே ஒரு ஸ்லைடர். அதை மவுஸால் இழுத்தால் ரயிலின் வேகம் கூடும், ஒளியின் வேகத்துக்குக் கிட்டே வரை போகும்.

"பிளாட்பாரத்துல நிக்கறவ ரெண்டு மின்னலும் ஒரே நேரம்ங்கறா. ரயில்ல போறவன் முன்னால விழுந்ததுதான் முதல்லங்கறான். யாருங்க சரி?"

"நிக்கறவதான்."

"அதுதான் இல்லீங்க. ரெண்டு பேரும் சரி. வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேர்ற நேரத்தைக் கழிச்சுப் பார்த்தாலும் இப்படித்தான். எது முந்தி, எது பிந்திங்கறது பாக்கறவங்க போற வேகத்தைப் பொறுத்ததுங்க."

ரெண்டு பேரும் சரி! எனக்கு நாற்காலியை விட்டு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அண்ணனுக்குப் பதினோரு மணி, தங்கைக்கு ஆறு மணி. யாரும் பொய் சொல்லவில்லை. இதையே கொஞ்சம் பக்குவமாகச் சொல்லி இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டால்? நானும் தப்பித்தேன், கல்யாணமும் ஆச்சு. மனுசனுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டால் எவ்வளவு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது, பாருங்கள்.

வசந்தா சமையல்கட்டுக்குப் போனதும் நான் உட்கார்ந்தேன். அந்தச் சிமுலேஷனில் நாமே இரண்டு சம்பவங்களைக் குறிக்கலாம். இடம் எவ்வளவு தள்ளி, நேரம் எவ்வளவு தள்ளி என்று போட்டால் இரண்டு புள்ளிகள் வரும். ஸ்லைடரை இழுத்தால், ஓடுகிறவர் பார்வையில் அவை எப்படி இடம் மாறுகின்றன என்று காட்டும். முதல் சம்பவம், நான் போனை எடுத்தது. இரண்டாவது, ஜெபமணியிடம் சொன்னது. நேரம் ஏழு மணி. இடம்? என் மேஜையிலிருந்து செக்கிங் டேபிள் நாற்பது அடி இருக்கும்.

"வசந்தா, நாப்பது அடியை இதுல எப்படிப் போடறது?"

"சும்மா பூஜ்யம் போடுங்க. ஒளிக்கு நாப்பது அடியெல்லாம் ஒரு தூரமுங்களா?" குக்கர் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

பூஜ்யம் போட்டேன். ஸ்லைடரை இழுத்தேன். இரண்டு புள்ளிகளும் நகர்ந்தன. ஆனால் முந்தியது முந்தியே நின்றது. இன்னும் இழுத்தேன். இடையில் இருந்த ஏழு மணி நேரம் பத்து ஆனது. ஒளி வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு வந்தபோது பதினாறு ஆனது. கடைசி வரை இழுத்தேன்... இரண்டு நாளுக்கு மேல் காட்டியது. பின்னால் தள்ளினேன், எதிர்ப்பக்கம் இழுத்தேன். எந்தப் பக்கம் ஓடினாலும் ஏழுக்குக் கீழே மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது.

"இது ரிப்பேரு போல இருக்கு" என்று கத்தினேன்.

கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார் வசந்தா.

"முந்தினது பிந்தறதுக்கு ரெண்டும் அத்தனை தள்ளி நடந்திருக்கோணுங்க. ஒரு சம்பவத்துலிருந்து கெளம்பற வெளிச்சம் அடுத்தது நடக்கறதுக்குள்ள அங்க போய்ச் சேரக் கூடாது. போய்ச் சேர்ந்துட்டா, எவன் எந்த வேகத்துல ஓடிப் பார்த்தாலும் முதல்ல நடந்தது முதல்லதான். ஏழு மணி நேரம்னா..." விரலில் கணக்குப் போட்டார். "எழுநூத்தம்பது கோடி கிலோமீட்டருக்கு மேல வேணுங்க. நீங்க பூஜ்யமில்ல போட்டிருக்கீங்க?"

எழுநூற்றைம்பது கோடி கிலோமீட்டர். நான் எழுந்து பத்துப் பதினைந்து எட்டு வைத்திருந்தால் போதும்.

வசந்தா என் முகத்தைப் பார்த்தார். "ஏழு மணி நேரம் என்னதுங்க இது? என்ன போட்டுப் பார்க்கறீங்க?"

சொன்னேன். ஆறு வருசமாக அவரிடம்கூடச் சொல்லாததைக் கரண்டி காய்வதற்குள் சொல்லி முடித்தேன். ஏதாவது திட்டுவார் என்று பார்த்தேன். அவர் ஸ்லைடரைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"மெஷினு சரியாத்தானுங்க இருக்குது" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு வர்றப்ப நான் உள்ள போயிடறேன். நீங்களே சொல்லுங்க."

ஜெபமணி பன்னிரண்டு மணிக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கையில் பைபிள். அண்ணன் நம்பர் எழுதிய சீட்டை எடுக்கப் போனார்.

"உக்காரும்மா" என்றேன். "உங்க அண்ணன் பொய் சொல்லல. பதினோரு மணிக்குத்தான் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். லாரி போகட்டும்னு உங்கிட்ட மறைச்சேன்."

அவர் கத்தவில்லை. அழவில்லை. புரியாத பாஷையில் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிற அளவுக்கு என்னையே பார்த்தார்.

"அவன் என்ன சொன்னான் சார்? அப்படியே சொல்லுங்க."

"'அப்பா தங்கச்சியக் கேட்டுக்கிட்டே இருக்காரு. இப்பவே ஏத்தி விட்டீங்கன்னா மூஞ்சியப் பாத்துருவா சார்' அப்படின்னாரு."

"சாதாரணமாச் சொன்னானா?"

"இல்லம்மா... அழுதுக்கிட்டே."

ஜெபமணி பைபிளை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு அப்பா உடம்பை வீட்டுல போட்டிருக்கு சார். அவரு காலடியில நின்னு அவனைப் பொய்க்காரான்னேன். அத்தனை சனத்துக்கு முன்னால. அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசல. குத்தம் உள்ளவன், அதான் பேசலன்னு நெனைச்சேன்."

மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். போனை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினேன். சீட்டைப் பார்க்காமலே நம்பரைப் போட்டார்.

"அண்ணே... ஜெபம் பேசுதேன்."

அதற்கு மேல் இருந்து கேட்பது நியாயம் இல்லை என்று வாசலுக்கு வந்துவிட்டேன். என்ன பேசினார் என்று தெரியாது. அழுகைச் சத்தம் வாசல் வரை கேட்டது. நடுவில் ஒரு தடவை, "பிள்ளைக்கு மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டதும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்றார்.

"வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்குக் கெளம்புதோம் சார், குடும்பத்தோட."

"ரொம்ப சந்தோசம்மா."

"தெனமும் வீட்டுல ஜெபம் பண்ணும்போது உங்க பேரையும் சொல்லுவேன். அன்னிக்கு எனக்கு ஒத்தாசை பண்ணுனீங்கன்னு, நன்றி சொல்லுத இடத்துல. ஆறு வருசமா ஒரு நாள் விட்டதில்ல." செருப்பை மாட்டினார். "இனியும் சொல்லுவேன் சார். விட மாட்டேன். எங்களுக்குத் தப்பு பண்ணுனவங்களை மன்னிச்சுட்டோம்னு ஜெபத்துல சொல்லுத இடத்துல சொல்லணும். அதுக்கு எனக்குக் கொஞ்ச நாளாகும்."

எத்தனை நாள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.