முதல் டம்ளர் அருகம்புல் ஜூஸ்

பெசன்ட் நகர் பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்ற அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். விரல் நுனிகள் எப்போதும் பச்சையாக இருக்கும். தினமும் முதல் டம்ளரைத் தானே குடித்துவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார்.

சர்க்கரைக்கு நல்லது என்று நானும் மாதக்கணக்கில் குடித்துவந்தேன். ஒருநாள் சீக்கிரமே நடக்கப் போனபோது, அவர் பூங்காவுக்குள் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செடிகளுக்கு நீர் விடும் குழாய். அதன்மேல் ஒரு பலகை: 'சுத்திகரித்த கழிவுநீர். குடிக்கக் கூடாது.' நேராக அவரிடம் போனேன்.

"சாக்கடைத் தண்ணியில வளர்ற புல்லும்மா இது. கிருமி இருக்கும். பச்சையா அரைச்சுக் குடுக்கறீங்களே?"

அவர் கோபப்படவில்லை. "மிசின்ல சுத்தம் பண்ணித்தானே சார் வுடறாங்க? தண்ணியக் குடிக்காதன்னுதான் எழுதிக்கீது. புல்லத் துன்னாதன்னா எழுதிக்கீது?"

அந்தத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று எனக்கும் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புல்லை அதே குழாயில் அலசி எடுத்துப் போனார். வாசலில் அரைத்து, முதல் டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். ஏமாற்றுக்காரி என்று திட்டவும் வழியில்லை.

மறுநாளிலிருந்து பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். ஒரு வாரம் கழித்து, கையில் டம்ளரோடு அவரே என்னைத் தேடி அங்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆளையே காணோம். இந்தா, இதக் குடி சார். எல்லாம் சரியாப்பூடும்."

வாங்கிக்கொண்டேன். காலி டம்ளருக்காக அவர் காத்து நின்றார்.