மாயம்மாளின் தலைச்சுமை

வடமதுரை மாயம்மாளைக் கடலுக்கு அழைத்துப் போனவள் நான்தான் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவளை முதலில் வேண்டாம் என்றவளும் நான்தான்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடி கட்டும்போது சித்தாளாக வந்தவள். பள்ளிக்கூட டீச்சரான நானும், வங்கியில் இருக்கும் அம்பிகாவும், தையல்கடை ரஃபியாவும் விடுமுறையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பது தெரிந்து, தானும் வருவதாகச் சொன்னாள். சமைக்க ஆள் கிடைத்தது என்று அம்பிகா சந்தோஷப்பட்டாள். மாயம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. சமைக்க இல்லை, எங்களைப் போலவே நடந்து, கடலோரம் ஒரு ராத்திரி படுத்து எழ ஆசை என்றாள். வேண்டாம், கஷ்டம் என்று தட்டிக் கழித்துப் பார்த்தேன். அவள் விடவில்லை. கடைசியில் பாத்திரங்களையெல்லாம் அவள் பையில் திணித்துக் கூட்டிப்போனேன்.

ராமநாதபுரம் பக்கம் ஆளில்லாத கடற்கரை. அவள் பையை முதுகில் மாட்டவே இல்லை. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, தலையில் ஏற்றிக் கைவீசி நடந்தாள். பார்ப்பவர்கள் எங்கள் கூலியாள் என்று நினைப்பார்களே என எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு தடவை அதட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை.

மதியம், கடலில் போய்ச் சேரும் ஓடை ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆளுக்கு இரண்டு பாட்டில் போதும், ஆட்டோக்காரர் இறக்கிவைத்த தண்ணீர் கேன் இந்தக் கரையிலேயே இருக்கட்டும், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஓடை பெருகினால் என்ன செய்வது என்று ரஃபியா கேட்டாள். மழையே இல்லாமல் எப்படிப் பெருகும் என்று நான் பாடம் நடத்தினேன். எங்கள் ஊர் ஆறு அப்படித்தானே. ஓடையைத் தாண்டி அக்கரையில் கூடாரம் போட்டோம். ராத்திரி மாயம்மாளே சோறு பொங்கினாள். பாட்டில் தண்ணீர் அதிலேயே தீர்ந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஓடை இடுப்புக்கு மேல் நின்றது. கடல் ஏறி ஓடைக்குள் வந்திருந்தது. வெயிலில் அம்பிகாவுக்குத் தலைசுற்றி, கூடார நிழலில் படுத்துவிட்டாள். வடியும்வரை காத்திருக்க முடியாது. நான் கரையைவிட்டு நகரவில்லை. வாய் மட்டும் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தது.

மாயம்மாள் சேலையை இழுத்துச் செருகி இறங்கினாள். கம்பால் தரையைத் தொட்டுத் தொட்டு அந்தக் கரைக்குப் போனாள். இருபது லிட்டர் கேனை முழங்காலில் ஏற்றி, தோளுக்குத் தூக்கி, சும்மாட்டில் வைத்தாள். திரும்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் கால் வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தண்ணீரின் இழுவையில் அவள் உடம்பு ஆடியது, கழுத்து ஆடவில்லை.

அம்பிகா தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அரிசிப் பையைப் பார்த்தாள், மாயம்மாளைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் பொங்க மாட்டேன் டீச்சர்," என்றாள் மாயம்மாள், சேலையைப் பிழிந்தபடி. "செத்த நேரம் கடலப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அடுப்பை நான் பற்றவைத்தேன். சோறு குழைந்துபோனது. முதல் தட்டை அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு வாய் தின்றுவிட்டு உப்பு பத்தவில்லை என்றாள். அவளை நினைத்து எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.