எலிக்கு விட்ட வயல்

முப்பத்தாறு கிலோவுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரி முப்பத்தாறரை இருந்தாள்.

கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆப்பரேஷன் முடிந்தது. அதற்கப்புறம் ஆறு ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று. ரெண்டு போட்டாயிற்று. ரெண்டாவதுக்கு அப்புறம் வாயெல்லாம் புண். ஊசி நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நிக்காம பாத்துக்குங்க" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

கஞ்சி வைத்தேன். ஆட்டுக்கால் சூப் வைத்தேன். முட்டையை அடித்துப் பாலில் கொடுத்தேன். எல்லாம் வெளியே வந்தது.

"எதைத் தின்னாலும் இரும்பு நக்குற மாதிரி இருக்குங்க" என்றாள்.

ஊசி போட்ட ஒன்பதாவது நாள் அவளை உரக்கடைக்குக் கூட்டிப்போனேன். மூட்டை நிறுக்கிற தராசு அங்கேதான் இருக்கிறது. ஏறி நின்றாள்.

"மூட்டையா நானு?" என்றாள்.

முப்பத்தைந்து. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு காட்டிச்சே, போன்ல. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பக்கத்துக் கட்டிலில் குத்தாலத்து அம்மா ஒருத்தி. அவள் மகள் போனில் வெளிநாட்டுத் தீனி எல்லாம் காட்டினாள். ஒரு ஊரில் கை அகலச் சிலந்தியைப் பொரித்துத் தின்கிறார்கள். ஒரு ஊரில் குஞ்சு வளர்ந்த வாத்து முட்டையை அவித்து உறிஞ்சுகிறார்கள். இன்னொரு ஊரில் புழு நெளிகிற பாலாடைக்கட்டி. வார்டே ச்சீ ச்சீ என்றது. குத்தாலத்து அம்மா, "இதுங்கள்ளாம் மனுசங்கதானா?" என்றாள். காலையிலிருந்து வாய் திறக்காத என் வீட்டுக்காரி அப்போது பேசினாள். "அவங்களுக்குப் புடிக்குது, தின்னுறாங்க. ஒங்களுக்கு என்னக்கா?"

இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னையிலேருந்து நாக்குல ஒண்ணு நிக்குது. சொன்னா நீங்க ஏசுவீங்க."

"சொல்லு."

"எலிக்கறி."

ஏச எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் பிறந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். அவர்கள் வீட்டில் வயல் எலி தின்பார்கள். எங்கள் வீட்டில் தின்ன மாட்டோம். கல்யாணம் ஆன முதல் வருஷம் அறுப்புச் சமயத்தில் அவள் அண்ணன் ஒரு தூக்குவாளியில் எலிக்கறி கொண்டுவந்தார். தங்கச்சிக்குப் பிடிக்கும் என்று பஸ் ஏறி வந்திருந்தார். திறந்து பார்த்தேன். வாளியோடு வாய்க்காலில் வீசினேன். அண்ணன் சாப்பிடாமல் திரும்பிப் போனார். அவள் அழவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும்தான்.

ஊசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கிராமத்து நர்சம்மா தெருவில் வந்தார். "கறி குடுக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா வேக வச்சுக் குடுங்க. என்ன கறி?"

"வயல்ல கெடைக்கிறது."

"முயலா?"

தலையாட்டினேன்.

எங்கள் ஊரில் கிட்டி வைக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார். கிட்டி என்றால் மூங்கிலில் வில் மாதிரி வளைத்துக் கட்டிய எலிப்பொறி. சாயங்காலம் வரப்பில் வைத்தால் காலையில் எலி மாட்டியிருக்கும். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தர மாட்டேன்" என்றார்.

"கைமாறு பண்றேன் அண்ணே."

"அதுக்கில்ல. போன வாரம் ஒங்க வயல்ல மருந்து வச்சீங்கல்ல?"

வைத்தேன். அரிசியில் எலிமருந்தைப் பிசைந்து வளை வளையாகப் போட்டேன். நான் வைத்ததைப் பார்த்துச் சுற்றி நாலு வயலிலும் வைத்தார்கள்.

"எந்த எலி எதைத் தின்னுட்டு வந்து என் கிட்டியில விழுந்துச்சோ, நான் என்னத்தக் கண்டேன்? எம் பேத்திக்கே இப்பக் குடுக்கறதில்ல. சீக்காளிக்கு எப்படிக் குடுப்பேன்? மருந்து வேண்டாம், கிட்டி வைக்கிறேன்னு வீடு தேடி வந்து சொன்னேன். கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மருந்துதான் சுலபம் என்று நினைத்தேன்.

"இருபது நாள் போவட்டும். அதுவரைக்கும் ஒங்க பக்கத்து எலி ஆவாது."

இருபது நாள் எங்கே இருக்கிறது?

மறுநாள் கீழ்வேளூர் பஸ் ஏறினேன். கையில் ஒரு புதுத் தூக்குவாளி. மச்சான் களத்தில் இருந்தார். என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. நல்லவேளை, வாளி கொண்டாந்தீங்க. எங்கிட்ட இருந்த ஒண்ணு வாய்க்கால்ல போயிட்டுது."

அவர் சம்சாரம் உள்ளே சிரித்தது கேட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எலி வேணும் மச்சான். அவளுக்கு."

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"முப்பத்தஞ்சு கிலோ."

சிரிப்பு நின்றது. மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டிக் கட்டை எடுத்தார். அது கடைமடை. தண்ணீர் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. விளைகிற கொஞ்சத்துக்கு யாரும் மருந்து வைப்பதில்லை. சாயங்காலம் நாற்பது கிட்டி வைத்தார். நானும் கூடப் போய் வைத்தேன். எப்படி வளைப்பது, எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டேன்.

காலையில் ஏழு விழுந்திருந்தது. அவர் சம்சாரம் வாட்டி, மயிர் போகத் தேய்த்து, குடலை எடுத்து, மஞ்சள் தடவி வாளியில் போட்டுக் கொடுத்தது. "அண்ணே, பஸ்ஸுல மூடியைத் தொறந்துடாதீங்க. எல்லாரும் எறங்கிடுவாங்க" என்றது.

வீட்டில் நானே சமைத்தேன். அவள் கட்டிலில் இருந்தபடி சொன்னாள்.

"மொளகா வேண்டாம், வாய் தாங்காது. இஞ்சி நசுக்கிப் போடுங்க. கொழுப்பை எடுக்காதீங்க, அதான் ருசி. இன்னும் வேவட்டும்."

கொதித்தபோது வந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறினேன்.

தட்டில் போட்டுக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீங்க ஒரு வாய் தின்னுங்க. அப்பத்தான்."

"நான் எதுக்கு?"

"நீங்க அருவருத்துக்கிட்டு நிக்கயில எனக்கு எப்படி எறங்கும்?"

தின்றேன். சின்ன எலும்பு பல்லில் நெரிந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

"மொகத்தப் பாரு, வெசத்தத் தின்ன மாதிரி" என்று சிரித்தாள். உதட்டுப் புண் வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள். குழைந்த சோற்றில் பிசைந்து ஒரு எலி முழுசும் தின்றாள். நான் பேசினைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம். வாந்தி வரவில்லை.

"உப்பு தெரியுதுங்க" என்றாள். "ரொம்ப நாளாச்சு."

அந்தப் பன்னிரண்டு நாளில் நாலு தடவை கீழ்வேளூர் போய்வந்தேன். ஊசி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தராசில் ஏற்றினார்கள். முப்பத்தாறு. ஒரு முள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டரம்மா கொஞ்ச நேரம் சீட்டைப் பார்த்தார். அப்புறம் போடச் சொன்னார்.

இன்னும் மூன்று ஊசி இருந்தது. மறுபடி வாய் புண்ணானது. மறுபடி எதுவும் இறங்கவில்லை, அது ஒன்றைத் தவிர. அந்தச் சமயம் பார்த்து மச்சான் ஆள் அனுப்பினார். அங்கேயும் பக்கத்து வயல்காரன் மருந்து வாங்கி வந்துவிட்டானாம்.

எனக்கு இருப்பது மூன்று மா நிலம், ஒரு ஏக்கர்தான். சம்பா கதிர் விட்டு நின்றது. மருந்து வைக்கிற சமயம்தான். நான் வைக்கவில்லை. முன்னே வைத்து இருபது நாளும் தாண்டியிருந்தது. சுற்றி இருக்கிற நாலு பேர் வீட்டுக்கும் போனேன். இந்தத் தடவை வைக்காதீங்க என்று கேட்டேன்.

ஒருத்தர் கத்தினார். "நீ வயல் வச்சிருக்கியா, எலிக்கு ஓட்டல் வச்சிருக்கியா? ஒன் எலி என் கதிரையும் சேத்துல்ல அறுக்குது?"

காரணத்தைச் சொன்னேன். வாசலில் நின்று, அவர் சம்சாரம் கேட்க, எலிக்கறி என்று வாயால் சொன்னேன். அவர் குரலை இறக்கினார்.

"ஊசி எப்ப முடியுது?"

"மாசிக் கடைசி."

"அறுப்பு தையிலேயே முடிஞ்சிரும். அதுவரைக்கும் வைக்கல. போ."

இப்போது நானே கிட்டி வைக்கிறேன். நாலாவது ஊசியும் போட்டாயிற்று. முப்பத்தாறு, முப்பத்தாறே கால், அப்படித்தான் நிற்கிறது. ஏறவில்லை. இன்னும் ரெண்டு இருக்கிறது. அதற்கப்புறம் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

வயலில் நடுவாகத் திட்டுத் திட்டாக மொட்டையாகிவிட்டது. எலி கதிரை அடியில் அறுத்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. கிட்டியில் விழுவதைவிட விழாததுதான் அதிகம்.

போன வாரம் நர்சம்மா வீட்டுக்கு வந்தார். "முயல் கெடைக்குதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்.

"எலிங்கம்மா. எங்க வீட்டுக்காரரு புடிச்சது."

நர்சம்மா என்னைப் பார்த்தார். "நல்லா வேக வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்குக் காலையில் ரெண்டு விழுந்திருந்தது. கொண்டுவந்து வாசலில் வைத்தேன்.

"எத்தனை?" என்றாள் உள்ளேயிருந்து.

"ரெண்டு."

"கதிரு எவ்வளவு போயிருக்கு?"

"அது கெடக்கு. நீ எந்திரி."