தோண்டி எடுத்த நஞ்சு

டெட்டால் பாட்டிலைத் திறந்தால் இன்றைக்கும் எனக்கு மூக்கில் ஏறுவது ஈரமண் வாசனைதான்... ஐயம்பேட்டை மண்.

எழுபதுகளின் தொடக்கம். அப்போது நான் புதுசாக வேலைக்குச் சேர்ந்த கிராம நர்ஸ். வயசு இருபத்திரண்டு, வாய் மட்டும் நாற்பது.

ஒருநாள் காலையில் பட்டு நெய்கிற ஏழுமலை மூச்சு வாங்க ஓடிவந்தார். விடியற்காலையில் அவர் மனைவி கன்னியம்மாளுக்கு வீட்டிலேயே பிரசவம். குழந்தை நன்றாக இருக்கிறது, அவளுக்குத்தான் உதிரப்போக்கு நிற்கவில்லை.

போய்ப் பார்த்தால் முகம் வெளுத்துக் கிடந்தாள். துணி மேல் துணியாக நனைந்துகொண்டிருந்தது. கர்ப்பப்பை இறுகவே இல்லை. ஊசி போட்டு, வயிற்றைத் தேய்த்துவிட்டேன். குறைந்தது, நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நஞ்சு எங்க?"

"முழுசா விழுந்துடுச்சும்மா. அப்பவே பொதைச்சாச்சு" என்றார் மாமியார். நாய் இழுத்துவிடக் கூடாதென்று நஞ்சுக்கொடியை உடனே புதைப்பது அங்கே வழக்கம். "ஆஸ்பத்திரிலாம் எதுக்கு? பச்ச உடம்ப வெளிய இட்டுக்கினு போவக் கூடாது."

"அப்ப தோண்டுங்க. முழுசா வந்துச்சான்னு நான் பாக்கணும்."

"ஐயையோ! பொதைச்சத எடுத்தா புள்ளைக்கு ஆவாதுமா!"

"வர்ற பாவமெல்லாம் எனக்கே வரட்டும். தோண்டுங்கண்ணா!"

ஏழுமலை மம்மட்டியை எடுத்தார். நஞ்சைக் கிணற்றடியில் கழுவி, வாழையிலையில் விரித்து, கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் எலுமிச்சம்பழ அளவு பள்ளம். நான் சொல்வதற்குள் அவரே குனிந்துவிட்டார். சேலையில் ஒரு இழை போனாலும் பிடிக்கிற கண்.

"ஒரு துண்டு இல்லியேமா... உள்ளயே இருக்குதா?"

பதிலுக்கு நிற்கவில்லை, ஜட்கா வண்டி பிடிக்க ஓடினார். மாமியார் பழைய புடவைகளை மூட்டை கட்டினார்.

வழி முழுக்க அவள் வயிற்றைப் பிடித்தபடியே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மிச்சத்தை எடுத்தார். ரத்தம் நின்றது. "பொழைச்சிக்கிட்டா" என்று அவர் சொன்னதும் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்... அப்பாடா என்றுதான்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாருக்குப் பிரசவமானாலும் நஞ்சை ஒரு மண்சட்டியில் போட்டு முறத்தால் மூடி வைத்திருப்பார்கள். காவலுக்கு யார் தெரியுமா? அதே மாமியார்! "நர்ஸம்மா வந்து பாத்தாதான் பொதைக்கணும்" என்று ஊரையே மிரட்டுவார்.

இப்போது எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில். நஞ்சை அங்கேயே ட்ரேயில் வைத்துச் சரிபார்த்துவிடுகிறார்கள். எனக்காகச் சட்டியை மூடி வைத்துக் காத்திருக்க ஆள் இல்லை... நல்லதுதான்.

ஆனாலும் என் மகளின் பிரசவத்தன்று, லேபர் ரூம் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்த அந்தச் சின்ன நர்ஸிடம் பேரனா பேத்தியா என்று நான் கேட்கவில்லை.

"நஞ்சு முழுசா வந்துடுச்சாம்மா?"