ஓரகத்தி ஓடத் தொடங்கிய வருடம்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு சொம்புத் தண்ணீர். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில், வெயில் ஏறாத காலையில், என் கணவர் அந்தச் சொம்பை நீட்டுகிறார். வாங்கிக் குடிப்பவள் என் ஓரகத்தி, அவருடைய தம்பி மனைவி. ஓடிவிட்டு வந்திருக்கிறாள். நெற்றி முடி ஈரமாக ஒட்டியிருக்கிறது, முகம் பளபளக்கிறது. "இன்னாமா, இன்னிக்கு மைதானத்த முழுசா சுத்திட்டியா?" என்று கேட்கும் அவர் குரலில் அப்படியொரு பெருமை. சமையலறை ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு அவர் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு தந்ததாக ஞாபகம் இல்லை.

கீழ்வீடு எங்களுடையது, மாடி அவர்களுடையது. இருவரும் ஒரே நாளில்தான் தெருமுனை டாக்டரிடம் போனோம். எனக்குச் சர்க்கரை; ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. டாக்டர் இருவரையும் நடக்கச் சொன்னார். அவள் மட்டும், "ஓடலாமா சார்?" என்றாள். வயதுக்கு வந்த பெண்ணின் தாய் கேட்கிற கேள்வியா என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் இதயத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, முதலில் சில வாரம் நடை, பிறகு நடைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஓடலாம்மா. ஆனா மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல மட்டும் ஓடிடாதீங்க" என்றார். ஓடப்போவது யார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் இருவரும் விம்கோ நகர்ப் பக்கம் உள்ள மைதானத்தில் நடந்தோம். பிறகு நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல ஷூ ஒன்று வாங்கினாள். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவாள், அதற்கடுத்தது வரை நடப்பாள். ஓடும்போது பேச முடிய வேண்டும், பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்பது அவள் கணக்கு. நடுநடுவே ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று நாற்றத்தைத் தூக்கிக்கொண்டு வரும் காலைகளில் ஓட்டமே கிடையாது. வாசலில் நின்று காற்றை மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு கலீஜா கீதுக்கா, வேணாம்" என்று மாடிக்குத் திரும்பிவிடுவாள். அந்த நாட்களில் எனக்குக் காபி கூடுதலாக இனித்தது.

ஏனென்றால் மற்ற நாட்களில் அவள் படியிறங்கும் சத்தமே என்னைக் குத்தியது. சுடிதாரை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். தெருவில் மீன் வாங்க நின்றால் பெண்கள் என்னைத் தாண்டி அவளிடம் பேசினார்கள். "இன்னா சாப்பிடுற, எப்புடி எளச்ச?" என் மகளே அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று எல்லோருக்கும் கேசரி கிளறித் தந்தாள். எனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள். அந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை.

மறுநாளே கிளம்பினேன். அவளுக்கு ஓய்வு நாள். யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல், மகளின் பழைய ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு, மைதானத்துக்குப் போகாமல் கடலோரச் சாலைக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றை ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். கம்பமாவது, நடையாவது! அவள் மாதக்கணக்கில் செய்ததை ஒரே காலையில் செய்துவிடும் வேகம். கொஞ்ச தூரம்தான். கை நடுங்கியது, உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்தது, லாரிகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தன. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. "இன்னாக்கா இது! வாசக் கேட்டு தெறந்து கெடக்குது, எங்கல்லாம் தேடிகினு வரேன்!" என்று அவள் குரல் கேட்டது. என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். லாரி டிரைவர் ஒருவரிடம் ஓடிப்போய்ச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ வாங்கி வந்து மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். நடுக்கம் அடங்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "மாமாவாண்ட சொல்ல மாட்டேன். ஆனா டாக்டராண்ட இன்னிக்கே போறோம்" என்றாள். சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

டாக்டர் மாத்திரையையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றி எழுதினார். பிறகு மைதானத்தில் நானும் கம்பத்துக்குக் கம்பம் ஓடினேன், வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு, கையில் மிட்டாயோடு. முழு மைதானத்தையும் சுற்றக்கூடியவள் என் நடைக்கு இறங்கி வந்தாள். "பேசுக்கா, பேசிகினே வா" என்பாள். அவளிடம் பேச என்ன இருக்கிறது எனக்கு? ஒரு நாள் ஓட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டேன். "உன்னப் பாத்தா எனுக்கு வயிறு எரியுதுடி."

அவள் முகம் மாறவில்லை. "தெரியுங்கா. டெய்லி ஜன்னலாண்ட நின்னுகினு பாப்பியே. நீ பாக்குறன்னுதான் நானு லீவு போடாம போனேன். இல்லாங்காட்டி ரெண்டாவது வாரமே இஸ்துப் போத்திகினு படுத்திருப்பேன்."

இப்போது அவர்கள் மணலி புதுநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாடியில் வேறு குடும்பம். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மைதானத்தை நிற்காமல் சுற்றிவிடுகிறேன். போன மாதம் அவள் போன் செய்து, "இங்க ஒருத்தரும் பாக்குறதில்லக்கா, ஓடுறதே உட்டுட்டேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தாள். கன்னம் உப்பியிருந்தது, இரண்டாவது கம்பத்திலேயே பின்தங்கினாள். இத்தனை வருடம் ஆசைப்பட்டது அன்று நடந்தது: நான் முன்னால், அவள் பின்னால். முன்னால் வெறும் பாதை மட்டும் கிடந்தது. எனக்குக் கால் ஓடவில்லை.

திரும்பி அவளிடம் போய், கூடவே நடந்தேன். மூச்சு சீரானதும் அவள் பேச ஆரம்பித்தாள். புது வீட்டில் பெரிய மொட்டை மாடியாம். சமையலறையில் நின்றால் இரண்டு பக்கமும் வெளிச்சமாம். கொழுந்தனார் அவளுக்காக ஊஞ்சல் மாட்டித் தந்திருக்கிறாராம். ஊஞ்சல்! என் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் சுறுக்கென்று பற்றியது.

"பேசினது போதும், அந்தக் கம்பம் வரைக்கும் ஓடு, வா" என்றேன்.