தோல்வண்டி ரோடு, வீடு எண் 61

இது நடந்தது. நான் இயற்பியல் படித்தவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எழுத மாட்டேன். இதை மூன்று முறை சரிபார்த்தேன்.

ரோட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தோல்வண்டி ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில், மாட்டுங்கா பக்கம் ரயில் பாலத்தடியில் தொடங்கும். தாராவிக்குள் நுழைந்து, தோல் பட்டறைகளைத் தாண்டி, செம்பூர் போகும் பெரிய சாலையில் சேரும். முதலில் அது சதுப்பு நிலத்தில் போட்ட மண்கரை. தேங்காய் மட்டையும் தோல் கழிவும் கொட்டி உயர்த்தினார்கள். கைவண்டிகள் போயின. பிறகு தார் போட்டார்கள். பிறகு மூன்று முறை அகலப்படுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ரோடு வீடுகளின் முன்பக்கத்தைத் தின்றது. இருபது அடி நீள வீடு பதினைந்து அடியானது. பிறகு ஒன்பது. கடைசியில் வாசற்படிகூட இல்லை. கதவைத் திறந்தால் டெம்போ சக்கரம்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழந்தையோ, நடமாட முடியாதவரோ வீட்டில் தனியாக இருந்தால், வேலைக்குப் போகிறவர் வெளியே பூட்டிவிட்டுப் போவார். சாவியைக் கதவருகே ஆணியில் மாட்டுவார். ஆணியில் சாவி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஏதாவது அவசரம் என்றால் பக்கத்து வீட்டார் திறப்பார்கள்.

நானும் தாராவியில் பிறந்தவள். எனக்கும் இது தெரியும்.

நாலாவது முறை அகலப்படுத்த சர்வே தொடங்கியபோது ஒப்பந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். படிவம் நிரப்பிய குடும்பத்துக்கு மாற்று வீடு உண்டு. மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் ஒன்றும் கிடையாது. கதவில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போடுவோம். குறி போட்ட பூட்டை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தொட்டவர் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். இதை வீடு வீடாகப் போய்த் தமிழில் சொன்னது நான்தான்.

அக்டோபர் 17, கடைசி நாள். மாலை 5:38. பெயிண்ட் டப்பாவோடு என் உதவியாளன் யாசர் வந்தான்.

வீடு எண் 61. தகரக் கதவு. பூட்டு. ஆணியில் சாவி.

தட்டினேன்.

"அக்கா, நீங்க தட்டுற தட்டுக்குக் கொசுகூட எந்திரிக்காது," என்று யாசர் சிரித்தான்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக்... டக்... டக். டம்ளரைத் தரையில் தட்டுவது போல.

"எலி," என்றான் யாசர். "சலோ அக்கா, டைம் ஆச்சு."

எலி மூன்று மூன்றாகத் தட்டாது.

ஆனால் ஒரு படிவத்துக்கு இருபது நிமிடம் ஆகும். ஆறு மணிக்குக் கணினியில் பதிவு மூடிவிடும். இன்னும் நாலு வீடு பாக்கி. அதோடு, முந்தைய இரண்டு தடவையும் நாங்கள் அந்தக் கதவுக்கு வரவேயில்லை. வராமலேயே 'பூட்டு' என்று எழுதியிருந்தோம். திறந்தால் அது வெளியே வந்துவிடும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு யாரிடமும் சத்தமாகப் பேச வராது.

"ஆள் இல்லைன்னு போட்டுக்க," என்றேன். மெதுவாகத்தான்.

யாசர் குறி போட்டான். மணி 5:43.

மறுநாளே எங்களைத் தாணே வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரியில் திரும்பி வந்தேன். வீடுகள் இல்லை. வெள்ளையாகப் புது கான்கிரீட் ரோடு. அதன் நீளத்தை அளந்து தர வேண்டும். அதற்கு ஒரு சக்கரம் உண்டு. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்கலாம். மீட்டருக்கு ஒரு 'க்ளிக்'. முந்தைய நாள் யாசர் தள்ளியபோது 1,146 மீட்டர். அன்று காலை 5:40க்கு நான் தொடங்கினேன். எனக்கு வந்தது 1,143.

சக்கரத்தை அளவு நாடாவோடு ஒப்பிட்டேன். பிழை இல்லை. அடுத்த முனையிலிருந்து திரும்பத் தள்ளி வந்தேன். 1,143.

மூன்று மீட்டர் குறைந்தது. அந்த ரோட்டில் ஒரு வீட்டின் முகப்பு அவ்வளவுதான்.

மூன்றாவது முறை எண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 410. க்ளிக். 411. க்ளிக். 412.

நடந்தேன். சக்கரம் உருண்டது. க்ளிக் இல்லை.

412.

மணி 6:24. எதிரே பால் வண்டி ஒன்று வந்தது. அதற்குச் சத்தம் இல்லை. பாலத்தில் ரயில் போனது. அதற்கும் இல்லை.

நின்றேன்.

டக்... டக்... டக்.

கையை நீட்டினேன். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தகரம் இருந்தது. குளிர்ந்த தகரம்.

இருட்டு.

காலடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோட்டுக்கு வெளியே இரண்டு ஜோடி செருப்புகள். ஒரு ஜோடிக்கு நீலப் பட்டை.

அது என் செருப்பு.

வெளியே யாரோ தட்டினார்கள். மெதுவாக. கூச்சத்தோடு. இன்னொருவர் சிரித்தார்.

கத்தினேன். நாக்கு அசையவில்லை. வலது கை அசையவில்லை. இடது கையில் ஒரு டம்ளர் இருந்தது. தட்டினேன்.

டக்... டக்... டக்.

"எலி."

தட்டினேன்.

"ஆள் இல்லைன்னு போட்டுக்க."

என் குரல்.

பிரஷ் தகரத்தில் உரசியது. ஒரு கோடு... இன்னொரு கோடு...

செருப்புகள் போய்விட்டன.

தட்டினேன்...

தட்டினேன்...

"ஏ! மர்னே கா ஹை க்யா?"

சாக வேண்டுமா என்று டெம்போக்காரர் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். நான் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தேன். மணி 6:25. ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. இடது கை நகங்களில் ரத்தம். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தேன். தாகம் தீரவில்லை.

யாசருக்கு ஃபோன் செய்தேன். "1,146னே எழுதிருங்க அக்கா. அந்த எடத்தப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க," என்று வைத்துவிட்டான்.

61க்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர் மெஹராஜ். அவருடைய படிவத்தை நான்தான் நிரப்பினேன். இப்போது திலக் நகர் பக்கம் ஏழாவது மாடியில் மாற்று வீடு. அன்று மாலையே போனேன்.

"நீ சர்வே புள்ளல்லா? வா, உக்காரு. பாத்தியா, லிஃப்ட்டெல்லாம் உண்டு."

61இல் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

"பானுமதியக்கா. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டு. பேச்சும் கெடையாது. மவன் ராஜபாண்டிக்கு உல்லாஸ்நகர்ல பட்டறை வேலை. நீங்க குறி போட்ட அன்னைக்குக் காலையில பூட்டிட்டுப் போனவன், ரயில்லேர்ந்து விழுந்துட்டான். ஆஸ்பத்திரில ஒம்போது நாளு நெனவு இல்ல. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. மூணு நாளு."

"சாவி..."

"ஆணியிலதான் கெடந்துச்சு. நீதான சொன்ன, தொட்டா எங்க வீடும் போயிரும்னு?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புது டைல்ஸ் தரையைப் பார்த்தார். "டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டோம். எல்லா வீட்லயும்தான்."

நாலாவது நாள் சத்தம் நின்றது. ஏழாவது நாள், நாற்றம் வந்த பிறகு, போலீஸ் வந்தது. ஆணியில் தொங்கிய அந்தச் சாவியைப் போட்டே திறந்தார்கள்.

"ஒண்ணுதான் எங்களுக்கு வெளங்கல," என்றார் மெஹராஜ். "கதவோட உள்பக்கம் பூரா டம்ளர் விளிம்பால கீறி வச்சிருந்தா. ஒரே பேரு. மேலேர்ந்து கீழ வரைக்கும். அக்காவுக்கு எழுத்தே தெரியாது. ரேஷன் கார்டுலகூடக் கைநாட்டுதான்."

"என்ன பேரு?"

"வந்தனா. யாருன்னே தெரியல. போலீஸும் தெருவெல்லாம் கேட்டுப் பாத்துட்டுப் போயிட்டு."

அக்டோபர் 17 அன்று அந்த ரோட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. யாசருக்கு நான் அக்கா. மற்றவர்களுக்குச் சர்வே புள்ள. என் அடையாள அட்டை பைக்குள் இருந்தது.

"ஒங்க ஆபீஸ்ல அப்படி யாரும் உண்டாம்மா?"

"இல்ல," என்றேன்.