காட்பாடி வரைக்கும்தான்

வேலூரில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைகளோடு போடும் ஒப்பந்தங்களை எழுதுவது என் பொறுப்பு. அதில் இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். 'பேக்போன் நெட்வொர்க்' என்றால் எது என்று அங்கேதான் இருக்கும்: சென்னையிலிருந்து காட்பாடியில் உள்ள எங்கள் கருவி அறை வரை. அது அறுந்தால்தான் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். காட்பாடியிலிருந்து வாடிக்கையாளர் வாசல் வரை போகும் கேபிளுக்கு, 'இயன்றவரை முயற்சி செய்வோம்' என்பதோடு சரி. அந்த வரியை எழுதியது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். லைன் மெதுவானால் புகார் எண்ணை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார். இரண்டு நிமிடத்தில் விஷயத்தை முடித்துவிட்டு, "சாப்ட்டியாமா? இன்னா கொழம்பு?" என்பார். லாங் பஜார் பக்கம் ஒற்றை அறையில் இருக்கும் என்னிடம் அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. பன் தின்றுவிட்டுக் காரக்குழம்பு என்று பொய் சொன்ன நாட்கள் உண்டு. நான்கு வருடம் பேசினோம். நேரில் பார்த்ததில்லை. அவருடைய வாட்ஸ்அப் படத்திலும் ஒரு ரோஜாப்பூதான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேட்டார்: "இந்த பேக்போன்ல ஆம்பூர் வருதாமா? நான்தான் பாத்து கையெழுத்துக்கு அனுப்பணும்."

வராது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

"நான் இருக்கேன்ல, பயப்படாதீங்கக்கா."

"அப்ப சரி" என்றார்.

அந்த மழைக்காலத்தில், காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், மாதனூர் பக்கம் கால்வாய் தோண்டிய ஜேசிபி எங்கள் கேபிளை வாரிப் போட்டது. அன்றைக்குத்தான் வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் சாம்பிள் ஜோடிகளைப் பார்த்து ஒப்புதல் தருவதாக இருந்தது. மொபைல் நெட்டில் படம் நின்று நின்று போனதாம். ஆர்டர் கைவிட்டுப் போனது. தொழிற்சாலை விளக்கம் கேட்டு எழுதியது. பதில் எழுதும் வேலை என் மேஜைக்கே வந்தது. 'ஒப்பந்தத்தில் வரையறுத்துள்ளபடி, பேக்போன் நெட்வொர்க்கில் அன்று எந்தத் தடங்கலும் இல்லை.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேலாளர் படித்துவிட்டுப் பாராட்டினார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "லெட்டர் நீ எழுதுனதா?"

"ஆமாக்கா."

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "வெக்கிறேம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவருடைய ஆபீஸ் எண்ணில் ஒரு ஆண் குரல். "அவங்கள பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க மேடம். காண்ட்ராக்ட ஒழுங்கா பாக்கலன்னு." அவருடைய சொந்த எண்ணுக்கு எத்தனையோ முறை அடித்தேன். எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ என்ன யோக்கியதை என்று எரிச்சலும் வந்தது.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி ஆம்பூருக்குப் போனேன். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் நூற்றுக்கணக்கான பெண்கள் கேட்டைத் தாண்டி வேன்களைப் பார்த்து ஓடினார்கள். ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் யாராவது கூட்டி வந்திருப்பார்கள். வந்தால் என்ன சொல்வது? சிலர் என்னை உரசிக்கொண்டே போனார்கள். அவர்களில் ஒருவர் அக்காவாகவும் இருந்திருக்கலாம்.

வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசியாக வந்த ஒரு பெண் நின்று, "யாரும்மா வேணும்?" என்றார். அந்தக் குரல் இல்லை.

"யாரும் இல்லக்கா" என்றேன்.